காடு வேண்டாம், ஒரு வேப்பமரம் போதும்

சித்தூரில் மூன்று வயதுப் பிள்ளைக்கு நர்சரி தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, வேன் எங்கள் தெரு வரைக்கும் வருமா என்று. அடுத்தது ஏ.சி. இருக்கிறதா, கேமரா இருக்கிறதா. அதற்கடுத்து, யு.கே.ஜி. முடிவதற்குள் தெலுங்கும் இங்கிலீஷும் எழுத வந்துவிடுமா. மண் இருக்கிறதா, மரம் இருக்கிறதா என்று கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டேன். "அவுட்டோர் ப்ளே ஏரியா இருக்குதுங்க மேடம்" என்று மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார்கள். பச்சை பிளாஸ்டிக் புல் விரித்து, மேலே தகரக் கூரை போட்டு, நடுவில் ஒரு சறுக்குமரம். பங்குனி மாதம் பதினொரு மணிக்கு அந்தப் புல்லில் பெரியவர்களாலேயே கால் வைக்க முடியாது.

இதைப் பேசினால் வீட்டுப் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். "மண்ணும் மரமும் ஊரெல்லாம் கெடக்குது, அதுக்குப் போய் யாராவது ஃபீஸ் கட்டுவாங்களா?" அவர்கள் சொல்வது பாதி சரி. ஊரில் கிடக்கத்தான் செய்கிறது. பிள்ளைக்குத்தான் அதனிடம் போக நேரமில்லை. காலை எட்டரைக்கு ஒரு வேன், மாலை நாலுக்கு ஒரு வேன், அப்புறம் ட்யூஷன். ஆமாம், நாலு வயசுக்கு ட்யூஷன். அப்புறம் போன்.

திருப்பதியில் இருக்கும் என் நாத்தனார் அடிக்கடி வீடியோ அனுப்புவாள். டென்மார்க்கிலோ ஜெர்மனியிலோ மழைக்கோட்டும் பூட்ஸும் போட்ட குட்டிப் பிள்ளைகள் காட்டுக்குள் கட்டை அடுக்கி விளையாடும் வீடியோ. டென்மார்க்கில் இப்படிக் காட்டு நர்சரிகள் 1950களிலிருந்தே இருக்கின்றன. "அண்ணி, நமக்கு வாசல்லயே சேஷாசலம் இருக்கு. இங்க ஒண்ணு ஆரம்பிச்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சேஷாசலம் அந்த மாதிரிக் காடு இல்லை. 1989இல் வேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா, 2010இல் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவிக்கப்பட்ட மலைத்தொடர் அது. செம்மரம் உண்டு, கரடி உண்டு, சிறுத்தை உண்டு. 2023 ஆகஸ்டில் திருமலைக்குப் போகும் அலிபிரி நடைபாதையில் பெற்றோருடன் மலையேறிய ஆறு வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை கொண்டுபோனது இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. அதன் பிறகு பதினைந்து வயதுக்குட்பட்டவர்களை மதியம் இரண்டு மணிக்கு மேல் நடைபாதையில் விடக்கூடாது என்று தேவஸ்தானம் கட்டுப்பாடு போட்டது. குப்பம், பலமனேர் பக்கம் போனால் கவுண்டின்யா சரணாலயத்து யானைகள். நர்சரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நுழைகிற இடங்கள் இல்லை இவை.

நான் சொல்ல வருவது, அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை என்பதைத்தான். மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவில் இருக்கிற பிள்ளைக்கு வேண்டியது பெரிய காடோ, வருஷத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்துப் போகும் ஜூவோ இல்லை. நடந்து போகிற தூரத்தில் ஒரே ஓர் இடம், அங்கே தினமும் போகிற பழக்கம். திருப்பதி ஜூ பிரமாதமான இடம், ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு. ஆனால் அங்கே போன நாலு வயசுப் பிள்ளைக்கு வீடு வந்ததும் ஞாபகம் இருப்பது பெரும்பாலும் ஐஸ்கிரீமும் பேட்டரி வண்டியும்தான். அதே பிள்ளை வீட்டு வாசல் வேப்பமரத்தில் இலை உதிர்ந்தது, செம்பு நிறத்தில் துளிர் வந்தது, பூ கொட்டியது, பழம் பழுத்தது, காக்கா அதைத் தின்று கொட்டையைத் துப்பியது என்று ஒவ்வொன்றாகக் கவனித்துவிடும். இன்று இருந்த எறும்புக் கூட்டம் நாளை ஏன் இல்லை என்று கேட்கும். நேற்றைப் பார்க்காத பிள்ளைக்கு அந்தக் கேள்வி வராது.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் தியசாபிகல் சொசைட்டியின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். சில மாதப் பயிற்சி வகுப்பு நடத்திவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. நடுவில் போர். இத்தாலி எதிரி நாடாகிவிட, பிரிட்டிஷ் அரசு அவர் மகன் மரியோவைச் சிறைவைத்தது, அம்மையாரின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு போட்டது. பின்னால் மகனை விடுவித்தார்கள், ஆனால் ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை அம்மாவும் மகனும் கொடைக்கானலில் தங்கினார்கள். அங்கே பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து நடத்திய சிறு பள்ளியில் மலைச்செடியும் பூச்சியும் கல்லும் மண்ணுமே பாடம். உலகத்தில் உள்ள எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று பிள்ளைக்குக் காட்டும் அவருடைய 'காஸ்மிக் கல்வி' முறை நன்கு உருப்பெற்றது அந்தக் கொடைக்கானல் காலத்தில்தான். மழை பெய்தால் வெளியே ஓடட்டும், தண்ணீர் தேங்கியிருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கட்டும் என்று எழுதியவர் அவர். இன்றைக்கு நம் ஊர்ப் போர்டுகளில் அவர் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கும் பல நர்சரிகளில் ஜன்னலே திறப்பதில்லை!

இன்னும் நமக்கு நெருக்கமான கதை மகாராஷ்டிரத்துக் கோஸ்பாட். தாராபாய் மோடக், அனுதாய் வாக் இருவரும் 1945இல் போர்டி கிராமத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான பாலர் பள்ளியைத் தொடங்கி, பிறகு கோஸ்பாட் மலைக்குப் போய் வார்லி ஆதிவாசிப் பிள்ளைகளிடையே வேலை செய்தார்கள். மாண்டிசோரி சாமான் வாங்கக் காசில்லை. கூழாங்கல், விதை, இலை, ஓடு, களிமண் ஆகியவற்றை வைத்து எண்ணவும் அடுக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளியை அவர்களுடைய வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். மாடு மேய்க்கப் போகிற பெரிய பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கி இன்று தெருவுக்குத் தெரு இருக்கும் அங்கன்வாடிகளுக்கு முன்னோடி என்றால் இவர்களைச் சொல்லலாம். அங்கன்வாடி என்றாலே முட்டை, சத்துமாவு, எடை பார்ப்பது என்று ஆகிவிட்டதில், முற்றத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டையை எண்ணிய பகுதி எங்கோ விடுபட்டுவிட்டது.

எங்கள் பக்கத்தில் இதைப் பேசும்போது மதனப்பள்ளியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1895இல் தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர். மாவட்டங்களைப் பிரிப்பதற்கு முன் சித்தூர் மாவட்டம்தான். பக்கத்துப் பள்ளத்தாக்கில் அவர் ஒரு பெரிய ஆலமரத்தைப் பார்த்து, பள்ளிக்கு இதுதான் இடம் என்று முடிவுசெய்தார் என்று சொல்வார்கள். அப்படி வந்த ரிஷி வேலி பெரிய பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி, கட்டணமும் நம்மைப்போன்றவர்களுக்கு எட்டாது. எனக்கு அதைவிடப் பிடித்தது அதைச் சுற்றியுள்ள கிராமங்களுக்காக நடந்த வேலை. 1980களின் பிற்பகுதியில் பத்மநாப ராவ், ராமா தம்பதி அங்கே வந்து சின்னச்சின்னக் கிராமப் பள்ளிகளை உருவாக்கினார்கள். ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வயதுப் பிள்ளைகள். பாடப்புத்தகத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி போல வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும்படி செய்தார்கள். உள்ளூர்ப் பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் அதற்குள் வந்தன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், சில வருஷங்களில் தமிழ்நாடு முழுவதும் வந்த செயல்வழிக் கற்றலுக்கு விதை இங்கிருந்து போனதுதான். தமிழ்நாட்டு உறவினர்களிடம் இதைச் சொல்லும்போது எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

குப்பம் பக்கத்துக் குடிவங்காவில் இன்னொரு உதாரணம். பிள்ளைகளுக்குச் செய்முறையில் அறிவியல் கற்றுக்கொடுக்க ராம்ஜி ராகவன் 1999இல் தொடங்கிய அகஸ்தியா ஃபவுண்டேஷனின் 172 ஏக்கர் வளாகம். ஒரு காலத்தில் வெறும் பாறையும் முள்ளுமாக இருந்த மேடு. சூழலியலாளர் யெல்லப்ப ரெட்டியின் வழிகாட்டுதலில் உள்ளூர் மரங்களை வைத்துப் பசுமையாக்கியிருக்கிறார்கள். அங்கே வருகிறவர்களும் பள்ளிக்கூடத்துப் பெரிய பிள்ளைகள்தான். ஆக, எங்கள் மாவட்டத்தில் ஆறு வயசுக்கு மேலே சொல்லிக்கொள்ள நிறைய இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்குப் பிளாஸ்டிக் புல்.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். சித்தூர்ப் பக்கம் ஒரு வருஷம் முழுக்க இந்தச் சின்னதுகளுக்குக் காட்ட என்னென்ன இருக்கிறது?

ஜூனில் பள்ளி திறந்து முதல் மழை விழுந்ததும் செம்மண்ணில் சிவப்பு வெல்வெட் துணியைக் கிள்ளிப் போட்டதுபோல ஒரு பூச்சி ஊர்ந்து வரும். தமிழில் பட்டுப்பூச்சி, தெலுங்குக்காரர்களுக்கு ஆருத்ர புருகு, சூரியன் திருவாதிரையில் இருக்கும் ஆருத்ரா கார்த்தியில் வருவதால். எட்டுக் கால் இருக்கும், எண்ணச் சொல்லுங்கள். தொட்டால் காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். நாங்கள் சின்ன வயசில் தீப்பெட்டியில் அடைத்து வைத்துச் சாகடித்தோம், அதை மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். சில நாளில் காணாமல் போய்விடும். அடுத்த வருஷம்தான் மறுபடி. வருஷம் என்றால் எவ்வளவு நீளம் என்று நாலு வயசுப் பிள்ளைக்கு நாள்காட்டியை வைத்துப் புரியவைக்க முடியாது.

மழை படாத திண்ணையோரத்துப் பொடிமண்ணில் குழியானை. புனல் மாதிரிச் சின்னக் குழி, அடியில் பின்பக்கமாகவே நகரும் ஒரு புழு. எறும்பு சறுக்கி விழுந்தால் கீழேயிருந்து மண்ணை வாரி அடிக்கும். இதைப் பார்க்க உட்கார்ந்த பிள்ளை அரை மணி நேரம் எழுந்திருக்காது. 'கவனம் நிக்கவே மாட்டேங்குது, டாக்டர்கிட்ட காட்டணுமா?' என்று கவலைப்பட்ட ஒரு அம்மாவுக்கு நான் முதலில் சொன்னது குழியானையைக் காட்டச் சொல்லித்தான்.

ஆகஸ்ட், செப்டம்பரில் விநாயக சவிதி. இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், ஏனென்றால் நர்சரிக்கென்று யாரோ யோசித்து வைத்த பாடம் போலவே இருக்கிறது. தமிழ்நாட்டில் பிள்ளையாருக்கு அருகம்புல்லும் எருக்கம்பூ மாலையும் போட்டால் பெரும்பாலும் முடிந்தது. தெலுங்கு வீடுகளில் 21 வகை இலை, அதாவது பத்ரி, வைத்துப் பூஜை. வில்வம், அருகு, இலந்தை, நாயுருவி, துளசி, மா, மாதுளை, நொச்சி, வன்னி, அரசு, மருது, எருக்கு, மருவு, ஜாதி என்று நீளும் பட்டியல். காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில் சவிதியன்று தொடங்கும் பிரம்மோற்சவமும் 21 நாள்தான். முன்பெல்லாம் முதல் நாள் பிள்ளைகள் கும்பலாகப் போய்ப் பத்ரி பறித்து வருவார்கள். இப்போது மார்க்கெட்டில் ஒரு கட்டு வாங்கினால் எல்லாம் சேர்ந்து வந்துவிடுகிறது, சில சமயம் எது எந்த இலை என்று விற்பவருக்கே தெரியாது. பறிக்கப் போனால்தான் விஷயம். வில்வம் மூன்று மூன்றாக இருக்கும், அரசிலைக்கு வால் உண்டு, நொச்சியைக் கசக்கினால் ஒரு வாசனை, நாயுருவி பாவாடையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும், எருக்கை ஒடித்தால் பால். நிறம், வடிவம், வாசனை, எண்ணிக்கை எல்லாம் ஒரே காலையில். ஒன்று மட்டும் பெரியவர்கள் கவனிக்க வேண்டும்: அந்த 21இல் ஊமத்தையும் அரளியும் உண்டு, இரண்டும் விஷம். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. அந்த மூன்றை நாம்தான் பறிக்க வேண்டும். வேலியில் குன்றிமணி காய்த்திருந்தால் அதையும் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர், நவம்பரில் மானாவாரிக் கடலை பிடுங்குவார்கள். ஊர்ப்பக்கம் யாராவது சொந்தக்காரர் நிலம் இருந்தால் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். செடியைப் பிடித்து இழுத்தால் வேரோடு கொத்தாக வேர்க்கடலை வெளிவரும் அந்த நொடியில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பூ மேலே, காய் கீழே. அது எப்படி என்பதைப் பத்து வயசில் படித்துக்கொள்ளட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்புழு, மரவட்டை, நத்தை. தைக்கு மாம்பூ, பங்குனியில் காற்றடித்தால் கீழே கொட்டும் பிஞ்சு. மே, ஜூனில் மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நிற்கும், அதை எண்ணுவதே ஒரு விளையாட்டு. பலமனேர் பக்கம் களிமண் பொம்மை செய்கிறவர்கள், பட்டுப்புழு வளர்க்கிற வீடுகள். சாயங்காலமானால் இலையை மூடிக்கொள்ளும் தூங்குமூஞ்சி மரம் எல்லா ஊரிலும் ஒன்றாவது இருக்கும்.

இதற்கெல்லாம் ஆராய்ச்சி ஆதாரம் கேட்கிறவர்களுக்கும் இருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் ஆறேழு வயதுப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருஷம் கழித்து, அப்படி விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015இல் வெளிவந்த ஆய்வு இது. பின்லாந்தில் 2020இல் வந்த இன்னொரு ஆய்வு: மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பகல்நேரக் காப்பகங்களில், முற்றத்தில் காட்டு மண்ணைச் செடிகொடியோடு பெயர்த்துக் கொண்டுவந்து பதித்தார்கள். 28 நாளிலேயே பிள்ளைகளின் தோலில் நல்ல பாக்டீரியாக்களின் வகை கூடியது, நோய் எதிர்ப்பைச் சீராக்கும் குறியீடுகளும் ரத்தத்தில் மாறின. அவர்கள் வெளியிலிருந்து மண்ணைக் கொண்டுவருகிறார்கள். நாம் இருக்கிற மண்ணின்மேல் இன்டர்லாக் கல் பதிக்கிறோம்.

வெயிலைப் பற்றிக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, எங்கள் ஊர் வெயிலுக்கு ஐரோப்பிய நர்சரியின் நேரக் கணக்கு ஒத்துவராது. ஆந்திராவில் மார்ச் நடுவில் ஒண்டிபூட பள்ளி தொடங்கிவிடும், காலை மட்டும். அதற்கு முன்பும் பின்பும்கூட வெளியே போகிற நேரம் காலையில் முதல் வேலையாக இருக்க வேண்டும். நம் பள்ளிகள் காலையில் எழுத வைத்துவிட்டு, பிள்ளை சோர்ந்த பிறகு மதியம் 'கேம்ஸ் பீரியட்' என்று வெளியே விடுகின்றன. கடிகாரத்தைத் திருப்பிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு நிழல் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும், கல்லைப் புரட்டுவதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும், தேள் இருக்கும். வாடகை வீட்டில் நடக்கும் அங்கன்வாடிகள் பலவற்றுக்கு முற்றமே கிடையாது. அங்கே கோயில் வளாகமோ ஏரிக்கரை அரசமரத்தடியோதான் வழி, ஆயம்மா கூட வர வேண்டும். ஒரு டீச்சர், ஒரு ஆயம்மா, இருபது பிள்ளைகள் என்றால் ரோட்டைக் கடப்பதே பெரிய காரியம். அதனால்தான் சொல்கிறேன், தூரம் வேண்டாம்.

இன்னொரு சிரமம் நாம்தான், பெரியவர்கள். வெளியே போனதும் வாயை மூடிக்கொண்டிருக்க நம்மால் முடிவதில்லை. "இது என்ன கலர்? எத்தனை இருக்கு? இங்கிலீஷ்ல சொல்லு!" பிள்ளை குனிந்து ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும், நாம் வகுப்பெடுத்துக்கொண்டிருப்போம். எனக்குத் தெரிந்த ஒரு அங்கன்வாடி டீச்சர் இதில் கெட்டிக்காரி. மரத்தடிக்குக் கூட்டிப் போய்த் தானும் ஒரு ஓரமாக உட்கார்ந்து எதையாவது உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் நாலு பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். "ஏன்டி, இது எங்க போவுது?" என்று அவராகவே அந்தப் பிள்ளைகளிடம் கேட்பார், நிஜமாகவே தெரியாத மாதிரி. சில சமயம் நிஜமாகவே தெரியாது என்று என்னிடம் சிரித்தார்.

அவருக்கு இருக்கிற தலைவலி வேறு. "டீச்சர், என் பொண்ணு நோட்டுல ஒண்ணுமே எழுதலையே, பக்கத்து வீட்டுப் பிள்ளை ப்ரைவேட்டுல ஏ டு இசட் எழுதுது" என்று வந்து நிற்கும் பெற்றோர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நோட்டு கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சாட்சி. குழியானையைப் பார்த்ததற்கு என்ன சாட்சி? 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும், 2022இல் வந்த மூன்று முதல் எட்டு வயதுக்கான பாடத்திட்டக் கட்டமைப்பும் விளையாட்டுவழிக் கற்றலைத்தான் சொல்கின்றன என்று எடுத்துக் காட்டலாம். ஆனால் வாசலில் நின்று கவலைப்படும் அப்பாவிடம் கொள்கை ஆவணம் எடுபடாது. அந்த டீச்சர் ஒரு வேலை செய்கிறார். பிள்ளைகள் பொறுக்கி வந்ததை (புங்கங்காய், இறகு, நத்தை ஓடு, புளியங்கொட்டை) ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்திருக்கிறார். கூட்டிப் போக வரும் அம்மாக்களிடம் பிள்ளையையே விட்டு அதைப் பற்றிச் சொல்லச் சொல்கிறார். அது தமிழும் தெலுங்கும் கலந்து மூச்சுவிடாமல் பேசும். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு நோட்டு கேட்கிறவர்கள் குறைந்திருக்கிறார்கள், நிற்கவில்லை.

வரும் சவிதிக்கு முந்தின நாள் எங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்ரி பறிக்கப் போகலாம் என்று நாலு வீட்டுக்காரர்கள் பேசியிருக்கிறோம். ஐந்து வயசுக்குக் கீழே உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பெரியவர் கட்டாயம். காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும், ஒன்பது அடித்தால் வெயில் ஏறிவிடும். 21 இலையும் கிடைக்காது, தேவதாருக்கு நாங்கள் எங்கே போவது? கிடைத்தது வரைக்கும் போதும். சித்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் வரலாம், பழைய துணிப்பை ஒன்றும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்தால் சரி. வெள்ளைச் சட்டை மட்டும் போட்டு அனுப்பாதீர்கள்.